தார்ச்சாலை முடிந்த பிறகு: ஆல்-வீல் டிரைவ் வேகனை மாற்றியமைக்கும் அறிவியல்

ஜப்பானின் வடகிழக்கில் உள்ள தோஹோகு வட்டாரம் கடும் பனிக்குப் பெயர்போனது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே மலைமேல் செல்லும் மின்கம்பிகளைப் பராமரித்த தோஹோகு மின்சார நிறுவனத்தின் ஊழியர்கள் ஜீப் வகை வண்டிகளில்தான் போய்வந்தார்கள். வண்டி பனியில் ஏறியது. ஆனால் உள்ளே குளிரும் குலுக்கலும் தாங்க முடியவில்லை. ஜீப்பின் இழுவையும் காரின் வசதியும் ஒரே வண்டியில் கிடைக்குமா என்று அந்த நிறுவனம் மியாகி மாவட்டத்தின் சுபாரு விற்பனையாளரிடம் கேட்டது. அவர்கள் முன்சக்கர இழுவை கொண்ட ஒரு சிறு வண்டியின் பின்சக்கரங்களுக்கும் என்ஜினின் விசையைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அந்த முயற்சியைத் தாய் நிறுவனம் எடுத்து வளர்த்தது. 1972 செப்டம்பரில் அது சுபாரு லியோன் எஸ்டேட் வேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அந்த யோசனை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. 1980 மாடலாக அமெரிக்காவில் ஏ.எம்.சி. ஈகிள் வந்தது. 1990-களின் நடுவில் சுபாரு அவுட்பேக்கும், 1997-இல் வால்வோவின் கிராஸ் கன்ட்ரியும், 1999-இல் ஆடியின் ஆல்ரோடும் வந்தன. இன்று ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் வேலைநாளில் அலுவலகத்துக்கு ஓட்டும் அதே வேகனை விடுமுறையில் மண்பாதைக்கும் மணல்கரைக்கும் கொண்டுபோகிறவர்கள் ஏராளம். அவர்கள் டயரை மாற்றுகிறார்கள், வண்டியை உயர்த்துகிறார்கள், அடிவயிற்றில் தகடு பூட்டுகிறார்கள், கூரையில் கூடாரம் ஏற்றுகிறார்கள்.

இவற்றில் எது பயன் தரும், எது வண்டியைக் கெடுக்கும் என்பதற்கு இயற்பியல் தெளிவான பதில் வைத்திருக்கிறது. வேகனின் ஒரு பாகத்தை மாற்றினால் அதனோடு சேர்ந்து இன்னும் மூன்று பாகங்களின் வேலை மாறுகிறது. அந்தத் தொடர்பைப் புரிந்துகொண்டு செய்கிறவர் குறைந்த செலவில் நெடுந்தொலைவு போய்த் திரும்புவார். புரியாமல் செய்கிறவர் விலையுயர்ந்த பாகங்களைச் சுமந்தபடி வழியில் நிற்பார்.

நான்கு சக்கரமும் இழுப்பது என்றால் என்ன?

கார் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு: இரு பக்கத்துக்கும் அது எப்போதும் சமமான முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டு நின்றால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. எனவே தரையை அழுத்திக்கொண்டிருக்கும் மறு சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் போய்ச் சேராது. காற்றில் நிற்பது வீணாகச் சுழலும், வண்டி நகராது.

முழுமையான ஜீப் வகை வண்டிகளில் இதற்கு டிஃபரன்ஷியல் லாக் இருக்கும். அதைப் போட்டால் இரு சக்கரங்களும் ஒரே அச்சாகப் பிணைந்துவிடும். நம் வேகன்களில் பெரும்பாலும் அது கிடையாது. பதிலுக்கு மின்னணு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சுழலும் சக்கரத்தைக் கணினி கண்டுபிடித்து, அதன் பிரேக்கை மட்டும் பிடிக்கும். பிடித்த பிரேக்கைத் தாண்டிச் சுழற்ற டிஃபரன்ஷியல் எவ்வளவு முறுக்குவிசை கொடுக்கிறதோ, அதே அளவு மறு பக்கத்துக்கும் கிடைத்துவிடும். சுபாரு ‘எக்ஸ்-மோட்’ என்று அழைக்கும் ஏற்பாட்டின் அடிப்படை இதுதான். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே பல தட்டுகள் கொண்ட கிளட்ச் ஒன்று, எந்தப் பக்கம் எவ்வளவு விசை போக வேண்டும் என்பதை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டிருக்கும்.

ஈரப் புல், சரளை, வழுக்கும் மண் ஏற்றம் ஆகியவற்றுக்கு இது போதும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகுதான் கணினி பிரேக்கைப் பிடிக்கும். ஆழ்மணலில் அதற்குள் வண்டியின் ஓட்டம் செத்துவிடும். மணலில் டிராக்ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்வது இதனால்தான். இல்லையென்றால் ஓட்டம் தேவைப்படும் நேரத்தில் கணினி என்ஜினின் விசையைக் குறைத்துவிடும். அடுத்த குறை, லோ ரேஞ்ச் இல்லாதது. ஜீப் ரேங்ளர் ரூபிகானில் லோ ரேஞ்ச் போட்டால் முறுக்குவிசை 4 மடங்காகும். பாறைமேல் நடை வேகத்தில் ஊர்ந்து ஏற முடிவது அதனால்தான். பழைய மேனுவல் சுபாருகள் சிலவற்றில் சிறிய அளவில் லோ ரேஞ்ச் இருந்தது. சி.வி.டி. கியர்பாக்ஸ் வந்த பிறகு அது மறைந்துபோனது.

சி.வி.டி.யில் பல்சக்கரங்களுக்குப் பதிலாக, அகலம் மாறும் இரு கப்பிகளுக்கு நடுவே ஒரு சங்கிலி ஓடுகிறது. மெதுவாகச் செங்குத்தான ஏற்றத்தை ஏறும்போது கியர்பாக்ஸுக்கு முன்னால் உள்ள டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் சுழன்று சூடாகும். வேகம் குறைவு என்பதால் குளிர்விக்கும் காற்றும் குறைவு. எண்ணெய்ச் சூட்டை எச்சரிக்கும் விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கையேடு சொல்லும்படி ஆறவிட வேண்டும். பாரம் ஏற்றி அடிக்கடி மலையேறுகிறவர்களுக்கு கியர்பாக்ஸ் எண்ணெய்க்கான தனி கூலர் பயனுள்ள மாற்றம். வேகன் தோற்பது பெரும்பாலும் வலிமைக் குறைவால் அன்று, வெப்பத்தால்.

முதல் பணத்தை டயரில் போடுங்கள்

என்ஜின், கியர்பாக்ஸ், கணினி எல்லாம் சேர்ந்து உருவாக்கும் விசை, தரையைத் தொடும் நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் வழியாகத்தான் வேலை செய்கிறது. அதை மேம்படுத்தாமல் வேறு எதை மாற்றினாலும் பலன் பாதிதான்.

கணக்கு எளிது. ஆட்களும் சாமானும் ஏறிய வேகன் 2000 கிலோ என்று கொண்டால் சக்கரத்துக்கு 500 கிலோ. டயரில் 36 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையைத் தொட வேண்டும். காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அந்தப் பரப்பு 400-ஐ நெருங்கும். டயரின் பக்கச்சுவரே எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் உண்மையில் சற்றுக் குறையும். ஆனால் போக்கு இதுதான். கூடுதல் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் கிடைக்கிறது. மணலின்மேல் அழுத்தம் பாதியாவதால் சக்கரம் புதையாது. தனக்கு முன்னால் மணலைக் குவித்து, அந்தக் குவியலையே ஏறப் பார்க்கும் துன்பமும் குறைகிறது.

உலகின் மிகப் பெரிய மணல் தீவு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறது. ஃபிரேசர் தீவு என்று அழைக்கப்பட்டுவந்த அதற்கு இப்போது பழங்குடிப் பெயரான குகாரி என்பதே அதிகாரப்பூர்வப் பெயர். அங்கே போகிறவர்கள் மணலில் இறங்கும் முன் செய்யும் முதல் வேலை டயர்க் காற்றை இறக்குவது. காற்றழுத்தமானி ஒன்றும், பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசர் ஒன்றும் வைத்திருந்தால் போதும். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறில்லை.

இதற்கும் விலை உண்டு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். ரப்பர் அந்த ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக வைத்துக்கொள்ளும். மணலில் மெதுவாகப் போகும்போது அது பொறுக்கும். அதே அழுத்தத்தோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் டயர் உள்ளிருந்தே வெந்து கிழியும். சட்டென்று திருப்பினால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுகொள்ளவும் கூடும். தார்ச்சாலையைத் தொட்டதும் காற்றை நிரப்ப வேண்டும். நிரப்பும்வரை வேகம் கூடாது.

அடுத்தது டயரின் அளவு. புதிய அவுட்பேக்குகள் பலவற்றில் வரும் 225/60 ஆர்18 டயரின் விட்டம் 727 மில்லிமீட்டர். பக்கச்சுவர் உயரம் 135. இதையே 17 அங்குல ரிம்முக்கு மாற்றி 225/65 ஆர்17 போட்டால் விட்டம் 724. வேகமானி மாறாது, உடம்பில் உரசாது. பக்கச்சுவர் மட்டும் 146 மில்லிமீட்டராக உயரும். கல்லில் மோதும்போது ரிம் நெளிவதற்கு முன் அமுங்க ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல் ரப்பர் கிடைக்கிறது. பெரிய ரிம் அழகு என்பது கடைத்தெருவின் எண்ணம். காட்டுப்பாதைக்குச் சிறிய ரிம்தான் நல்லது. ஆல்-டெரெய்ன் வகை டயரில் பொத்தான்களின் இடைவெளி அதிகம், பக்கச்சுவர் தடிமன் அதிகம். கூடவே எடையும் சத்தமும் எரிபொருள் செலவும் கொஞ்சம் கூடும்.

நான்கு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருப்பது ஆல்-வீல் டிரைவ் வண்டிக்கு உயிர். சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது சுபாருவின் வரம்பு. தேய்மானக் கணக்கில் அது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால், நேர்ச்சாலையில் போகும்போதுகூட நடுவிலுள்ள கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். ஒரு டயர் கிழிந்தால் சில நேரம் நான்கையும் மாற்ற வேண்டிவருவது இதனால்தான். ஸ்டெப்னியும் முழு அளவில், அதே வகையில் இருக்க வேண்டும். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னியை மாட்டும்போது பின்சக்கர இயக்கத்தைத் துண்டிப்பதற்கென்றே பழைய ஆட்டோமேட்டிக் சுபாருகளில் தனி ஃபியூஸ் இடம் விட்டிருந்தார்கள்.

அலைபாயும் மண்சாலை

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில் கிப் ரிவர் சாலை 660 கிலோமீட்டர் நீளம். அதன் மண்பகுதிகளில் பயணிகளை வதைப்பது பள்ளத்தைவிட, குறுக்கே வரிவரியாக எழும் சிறு அலைகள். இந்த அலைகள் எப்படி உண்டாகின்றன? நிகோலா டேபர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜேம்ஸ் மக்கெல்வெய்ன் ஆகிய மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. சுழலும் மேடையில் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டார்கள். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சமமான மணலில் தானாகவே அலைகள் எழுந்தன. சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் எழுந்தன. அந்த வேக வரம்பு உண்மைச் சாலைக்குக் கணக்கிட்டால் நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதல். அந்த வேகத்துக்குள் யாரும் வண்டி ஓட்டப்போவதில்லை. ஆகவே வண்டி ஓடும் மண்சாலை அலைபாயத்தான் செய்யும்.

அலைக்கு அலை 70 சென்டிமீட்டர் இடைவெளி என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் சக்கரத்துக்கு நொடிக்கு 12 அடி விழும். காரின் சக்கரமும் சஸ்பென்ஷனும் இயல்பாகத் துள்ளும் அதிர்வெண் நொடிக்கு 10 முதல் 15. இரண்டும் பொருந்திப்போவதால் துள்ளல் உச்சத்துக்குப் போகிறது. 80-க்குப் போனால் நொடிக்கு 32 அடி. சக்கரம் பள்ளத்தில் இறங்க நேரமில்லாமல் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுப் போகும். வண்டிக்குள் அமைதி வந்துவிடும். ஆனால் தரையைத் தொடும் நேரம் குறைந்துவிட்டதால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாதி வேலைதான் செய்யும். பழக்கமில்லாதவர்கள் இந்த அமைதியை நம்பித்தான் வளைவில் கவிழ்கிறார்கள்.

இந்த அடிகளின் ஆற்றலில் பெரும்பகுதி ஷாக் அப்சார்பரின் எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது. தார்ச்சாலைக்கான ஷாக் அப்சார்பர் நெடுநேரம் இப்படி ஓடினால் எண்ணெய் நீர்த்து, நுரைத்து, கட்டுப்பாட்டை இழக்கும். டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்குவது, நடுநடுவே நிறுத்தி ஆறவிடுவது, சுமையைக் குறைப்பது என்ற மூன்றும் புது சஸ்பென்ஷன் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை.

உயர்த்தினால் போதுமா?

லிஃப்ட் கிட் என்பதுதான் இந்த ஆர்வத்தின் அடையாளம். வண்டியை உயர்த்தினால் கிடைப்பது என்ன என்று வடிவியல் காட்டும். மேட்டைத் தாண்டும்போது நடு வயிறு இடிக்காமல் போகும் கோணம், இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தையும் தரை இடைவெளியையும் பொறுத்தது. அவுட்பேக்கின் அச்சு இடைவெளி 2745 மில்லிமீட்டர், தரை இடைவெளி ஏறக்குறைய 220. கணக்கிட்டால் கோணம் 18 டிகிரி. 40 மில்லிமீட்டர் உயர்த்தினால் 21.5 டிகிரி. முன், பின் பம்பர்கள் இடிக்காமல் ஏறி இறங்கும் கோணங்களும் இதுபோலவே சில டிகிரி கூடும். சிறிய எண்ணாகத் தெரிந்தாலும், வேகனின் நீண்ட வயிறும் தாழ்ந்த முன்பம்பரும் இடிக்குமா தப்பிக்குமா என்பதை அந்தச் சில டிகிரிகளே முடிவு செய்யும்.

உயர்த்தும் வழிகள் இரண்டு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே ஒரு கட்டையை வைப்பது மலிவான வழி. இதில் சக்கரம் மேலும் கீழும் ஆடும் தொலைவு கூடாது. அந்த ஆட்டம் முழுவதும் கீழே நகர்கிறது, அவ்வளவுதான். நீளமும் விறைப்பும் கூடிய ஸ்பிரிங்குகளை அதற்கேற்ற ஷாக் அப்சார்பரோடு போடுவது இன்னொரு வழி. செலவு அதிகம், ஆனால் பாரத்தைத் தாங்கும் திறனும் சேர்ந்து கூடும். எப்போதும் சாமான் ஏற்றிப் போகிறவர்களுக்கு இதுவே பொருத்தம்.

எந்த வழியானாலும், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அரைத்தண்டு இப்போது கூடுதல் சாய்வில் வேலை செய்ய வேண்டும். அதன் இரு முனைகளிலும் சி.வி. ஜாயிண்ட் என்னும் மூட்டு இருக்கிறது. எந்தக் கோணத்தில் மடங்கினாலும் சீரான வேகத்தில் சுழற்றக்கூடிய இந்த மூட்டின் இன்றைய வடிவங்களுள் முக்கியமானதை 1920-களில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஸெப்பா வடிவமைத்தார். தண்டின் நீளம் 40 சென்டிமீட்டர் என்றால், 4 சென்டிமீட்டர் உயர்த்துவது அதன் சாய்வை ஏறக்குறைய 6 டிகிரி கூட்டும். உள்ளேயுள்ள எஃகுக் குண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் தூரம் உருளும், சூடு ஏறும், மேலே மூடியிருக்கும் ரப்பர் உறை சீக்கிரம் விரிசல் விடும். உறை கிழிந்து மண் புகுந்தால் மூட்டின் ஆயுள் முடிந்தது.

சக்கரங்கள் நிற்கும் கோணமும் மாறிவிடும். அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் புது டயரின் ஒரு ஓரம் வெகு விரைவில் தேயும். முகப்பு விளக்கின் ஒளி மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். தானாக பிரேக் பிடிக்கும் கேமரா உள்ள வண்டிகளில் அதன் பார்வையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இவ்வளவையும் எடைபோட்டால் வேகனுக்கு 30 முதல் 50 மில்லிமீட்டர் உயர்த்துவது நியாயம். அதற்குமேல் கேட்கிறவருக்கு வேறு வகை வண்டிதான் தேவை.

தொழிற்சாலையே இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறது. 2022 மாடலாக வந்த அவுட்பேக் வைல்டர்னெஸ், சாதாரண அவுட்பேக்கைவிட 20 மில்லிமீட்டர்தான் உயரம். தரை இடைவெளி 241. கூடவே 17 அங்குல ஆல்-டெரெய்ன் டயர், 4.11-லிருந்து 4.44 ஆக உயர்த்திய கடைசிக் கியர் விகிதம், முன்புறம் பாதுகாப்புத் தகடு ஆகியவற்றைச் சேர்த்தார்கள். பொறியாளர்கள் உயரத்தில் அடக்கமாகவும் டயரிலும் கியரிலும் தாராளமாகவும் இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

அடிவயிறும் கொக்கியும்

வேகனின் என்ஜினுக்கு அடியில் தொழிற்சாலை பூட்டியிருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடி. ஒரு கூரிய கல் எண்ணெய்த் தொட்டியை உடைத்தால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே டயருக்கு அடுத்த செலவு அடித்தகடு. அலுமினியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் மூன்றில் ஒரு பங்கு. பாறைமேல் மீண்டும் மீண்டும் உரசுகிறவருக்கு எஃகு, எப்போதாவது அடிபடுகிறவருக்கு அலுமினியம் என்று கொள்ளலாம். வேகனுக்கு அலுமினியமே போதும். தகட்டில் காற்றுத் துளைகளும் எண்ணெய் மாற்றும் வழியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். காற்றோட்டத்தை அடைத்த தகடு, முன்பு சொன்ன கியர்பாக்ஸ் வெப்பத்தை இன்னும் மோசமாக்கும்.

சிக்கிக்கொண்ட வண்டியை இழுப்பதில்தான் உயிர்ச்சேதம் நேர்கிறது. பம்பரில் திருகி மாட்டும் இழுவை வளையம், பழுதான வண்டியைச் சமதளத்தில் மெதுவாக இழுக்கச் செய்தது. நீளும் தன்மையுள்ள நைலான் கயிற்றைக் கட்டி இன்னொரு வண்டி ஓடிவந்து இழுக்கும்போது, அந்த வண்டியின் இயக்க ஆற்றல் முழுதும் கயிற்றில் சேமிக்கப்படுகிறது. அந்த நொடியில் வளையமோ டிரெய்லர் உருண்டையோ பிய்ந்தால் அது தோட்டாவைப்போல் பறக்கும். இப்படி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். வண்டியின் சட்டத்தோடு பூட்டிய, எவ்வளவு விசை தாங்கும் என்று குறித்த கொக்கியில் மட்டுமே கயிறு கட்ட வேண்டும். தனியாகப் போகிறவருக்குக் கயிற்றைவிட நல்ல துணை, சக்கரத்தின் அடியில் செருகும் பலகைகள். மேக்ஸ்டிராக்ஸ் என்ற பெயரில் 2005-இல் ஆஸ்திரேலியாவில் பிரபலமாகத் தொடங்கிய இந்தப் பலகைகளும் ஒரு மண்வெட்டியும் இருந்தால், மணலில் புதைந்த வேகனை யார் உதவியுமில்லாமல் வெளியே கொண்டுவரலாம்.

கூரைக்கு மேல் எவ்வளவு?

கூரைக் கூடாரம் படத்தில் அழகு. அதன் எடை எங்கே உட்காருகிறது என்று பார்ப்போம். 1800 கிலோ வேகனின் எடைமையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேரியரும் கூடாரமும் சேர்ந்து 80 கிலோ, 180 சென்டிமீட்டர் உயரத்தில் ஏறுகின்றன. எடைமையம் 5 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். இதோடு 4 சென்டிமீட்டர் லிஃப்டும் சேர்ந்தால் 9 சென்டிமீட்டர்.

கவிழும் ஆபத்தை அளக்க அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எளிய விகிதத்தைப் பயன்படுத்துகிறது: இடது வலது சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தை, எடைமைய உயரத்தின் இரு மடங்கால் வகுப்பது. நம் எடுத்துக்காட்டில் அகலம் 157 சென்டிமீட்டர் என்றால், மாற்றத்துக்கு முன் விகிதம் 1.31, பின் 1.14. எட்டில் ஒரு பங்குக்கு மேல் நிலைத்தன்மை போய்விட்டது. பக்கவாட்டில் சரியும் பாதையிலும், குறுக்கே வந்த விலங்குக்காகச் சட்டென்று திருப்பும்போதும் அந்த இழப்பு தெரியவரும்.

கூரையின் தாங்குதிறனுக்கு இரு எண்கள் உண்டு. 2022 மாடல் அவுட்பேக் வைல்டர்னெஸின் கூரை, வண்டி நிற்கும்போது 317 கிலோ தாங்கும். ஓடும்போது 100 கிலோதான். நிற்கும்போது எடை நேர்க்கீழாக மட்டும் அழுத்தும். ஓடும்போது பிரேக்கும் திருப்பமும் பள்ளமும் அதே எடையைப் பல திசைகளில் பிடுங்கி இழுக்கும். இருவர் கூடாரத்தில் தூங்குவதை முதல் எண் அனுமதிக்கிறது. எதை ஏற்றிக்கொண்டு ஓட்டலாம் என்பதை இரண்டாம் எண்தான் சொல்லும். பலரும் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டுத் தண்ணீர்க் கேனையும் எரிபொருளையும் கூரையில் ஏற்றிவிடுகிறார்கள்.

வேகனுக்கென்று ஒரு வரம் இருக்கிறது. பின்னிருக்கையை மடித்தால் அவுட்பேக்கில் ஏறக்குறைய 1.9 மீட்டர் நீளத்துக்குச் சமதளம் கிடைக்கும். இருவர் கால்நீட்டிப் படுக்கலாம். கூடாரத்தின் 80 கிலோவும் அதன் காற்றுத்தடையும் மிச்சம். சன்னல்களுக்குக் கொசுவலை பொருத்தி இரு பக்கமும் கொஞ்சம் திறந்துவைக்க வேண்டும். இல்லையென்றால் மூச்சின் ஈரம் கண்ணாடியில் வழிந்து படுக்கையை நனைக்கும். வண்டிக்குள் அடுப்பு மூட்டுவது எந்தச் சூழலிலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

மின்சாரமும் எடையும்

முகாமில் மின்சாரத்தை அதிகம் கேட்பது குளிர்பெட்டி. ஓடும்போது 45 வாட், நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடும் என்றால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 360 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 1280 வாட்-மணி தரும். மூன்று நாள் தாங்கும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறைவதால், அதே அளவில் ஒன்றரை நாள்தான். 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளின் தேவையை ஏறக்குறைய ஈடுகட்டும். என்ஜினைக் கிளப்பும் பேட்டரியைக் குளிர்பெட்டிக்குப் பயன்படுத்தவே கூடாது. காலையில் வண்டி கிளம்பாது. புதுக் கார்களின் ஆல்டர்னேட்டர், எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜை அடிக்கடி இறக்கிவிடும். இரண்டாம் பேட்டரி ஒழுங்காக நிறைய, நடுவே டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும்.

இனி எல்லாவற்றையும் கூட்டுவோம். இரு பெரியவர்கள் 150 கிலோ, கேரியரும் கூடாரமும் 80, உணவு நிறைந்த குளிர்பெட்டி 35, பேட்டரியும் வயர்களும் 15, மூன்று நாளுக்குத் தண்ணீர் 30, அடித்தகடு 25, கூடுதல் எரிபொருள் 15, பலகை, கம்ப்ரசர், ஜாக்கி, கருவிகள் 30, படுக்கை, துணிமணி, சமையல் சாமான் 50. மொத்தம் 430 கிலோ. இந்த வகை வேகன்கள் சுமக்க அனுமதித்த பாரம் பொதுவாக 400 முதல் 500 கிலோவுக்குள்தான். குழந்தைகளோ நாயோ ஏறினால் வரம்பைத் தாண்டிவிடும். ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் பிரேக்கும் பேரிங்கும் உடம்பின் பற்றவைப்புகளும் பழைய வலிமையோடுதான் இருக்கும். புறப்படும் முன் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது எல்லாச் சந்தேகத்தையும் தீர்த்துவிடும்.

சட்டமும் மண்ணும்

ஆஸ்திரேலியாவில் வண்டி மாற்றங்களுக்கு வி.எஸ்.பி. 14 என்ற தேசிய வழிகாட்டி உண்டு. டயரும் சஸ்பென்ஷனும் சேர்த்து அந்தந்த மாநிலம் வைத்த வரம்புக்குமேல் உயர்த்தினால் பொறியாளர் சான்று தேவை. இந்தியாவில் நிலை இன்னும் கண்டிப்பானது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து இங்கே வண்டியை உயர்த்த நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு மறுக்கவும் அது காரணமாகலாம்.

நாம் ஓடும் மண்ணுக்கும் நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் காடுகளில் ஃபைடோஃப்தோரா சினமோமி என்ற நுண்ணுயிர் வேர்களை அழுகச் செய்து, பாங்க்ஸியா, ஜாரா முதலிய எண்ணற்ற செடிமரங்களைக் கொன்றுவருகிறது. டயரில் ஒட்டிய ஈரமண் வழியாக அது புது இடங்களுக்குப் பரவுகிறது. அதனால்தான் சில காடுகளின் நுழைவில் டயரையும் அடிப்பகுதியையும் கழுவச் சொல்கிறார்கள், மழைக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். மூடிய பாதையில் நுழைவதும், சேற்றைத் தவிர்க்கப் புதுத் தடம் போடுவதும் இயற்கையை நேசிக்கிறவர் செய்யும் காரியமல்ல.

ஆகவே வேகன் வைத்திருக்கும் வாசகருக்கு ஒரு வரிசை சொல்லி முடிக்கிறேன். முதலில் நல்ல டயர், முழு அளவு ஸ்டெப்னி, காற்றழுத்தமானி, கம்ப்ரசர். அடுத்து அடித்தகடு, தரமான கொக்கி, மணல் பலகை, மண்வெட்டி. பிறகு எடைமேடைச் சீட்டு. அதற்குப் பிறகும் வயிறு இடிக்கிறது என்றால் மட்டும், சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் ஒரு சிறு உயர்வு. கூடாரத்தைத் தரையில் போடுங்கள், அல்லது வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளுங்கள். பாதை வண்டியின் அளவை மீறிவிட்டால் திரும்பி வாருங்கள். லோ ரேஞ்ச் இல்லாத வண்டிக்கு, பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுநரைவிடப் பெரிய பாதுகாப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.